நாற்பத்திரண்டு அடி

நம்பாவிட்டால் போங்கள். எனக்கு நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

பழைய வீடுகளை அளந்து, காக்கத் தகுந்ததா என்று அறிக்கை தருவது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் என் தங்கை கணவரும். பன்னிரண்டு வருஷக் கூட்டு. இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் அறிக்கை செல்லும்.

அந்த வீடு கட்டி நூற்றைம்பது வருஷம். அதன் மாடிப்படியைப் பார்த்து வாயடைத்துப் போனேன். தூண் கிடையாது, உத்திரம் கிடையாது. ஒவ்வொரு கல்லும் ஒரு நுனியைச் சுவரில் செருகிக்கொண்டு, கீழ்க்கல்லின் மேல் லேசாக உட்கார்ந்து, வளைந்து ஏறியது. நாற்பத்தியாறு படி. ஒன்றுகூட ஆடவில்லை. உரிமையாளரோ இடித்துவிடத் துடித்தார். அன்று மாலை ஐந்துக்குள் எங்கள் அறிக்கை போனால் வீடு பிழைக்கும்.

மணி 2.50. மாடியில் நீள அறை. கடைசி அளவு.

"நீங்க எழுதுங்க மச்சான். முனையை நான் பிடிச்சுக்கறேன்" என்று டேப்பின் நுனியோடு மாப்பிள்ளை உள்ளே போனார். நடுவில் மரத்தடுப்பு. ஆள் தெரியாது. பழைய வீட்டில் கத்தினால் எதிரொலிக்கும் என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. டேப்பை இரண்டு சுண்டு சுண்டினால் 'தயார்'. நீளமாக இழுத்தால் 'இங்கே வா'.

3.04. இரண்டு சுண்டு.

படித்தேன். நாற்பத்திரண்டு அடி.

வெளியே சுவரோடு சேர்த்து அளந்தபோதே நாற்பதுதான். உள்ளே எப்படி அதிகமாகும்?

"மாப்ள, சரியாப் பிடிங்க!"

மறுபடி இரண்டு சுண்டு. அதே நாற்பத்திரண்டு.

டேப்பைப் பிடித்தபடியே தடுப்பைத் தாண்டினேன். அறையில் யாரும் இல்லை...

கோடிச் சுவரில் ஒரு கதவு. திறந்திருந்தது. அதற்கு அப்பால் தரை இல்லை. வெறும் வானம். கீழே முற்றம்.

டேப் அந்தக் கதவு வழியாக வெளியே போயிருந்தது. நான்கு அடி.

எங்களுடையது துணி டேப். விட்டால் தொங்கும்.

தொங்கவில்லை. அந்தரத்தில் விறைப்பாக நின்றது...

3.11. டேப் மெல்ல நகர்ந்தது.

நீளமாக... ஒரு இழுப்பு.

கையை உதறினேன். டேப் முற்றத்தில் விழும் சத்தம் கேட்டது. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

தெருவில் நின்று போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"அது... ஒரு அவசர வேலை மச்சான். அப்பவே பின்படி வழியா கிளம்பிட்டேன்."

போனில், அவருக்குப் பின்னால் உரிமையாளரின் சிரிப்பு.

'இவ்வீட்டில் காக்கத் தகுந்தது எதுவுமில்லை.' விசாரித்தால், 3.05க்கே இப்படி அறிக்கை போயிருந்தது. என் கையெழுத்தை மாப்பிள்ளை என்னைவிட அழகாகப் போட்டிருந்தார். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. ஆனால் நான் வாயைத் திறந்தால் தங்கை புருஷன் ஜெயிலுக்குப் போவார். திறக்கவில்லை. அந்த வீட்டை நானும்தான் கைவிட்டேன். ஒன்பதாம் நாள் இடித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஆவணக் காப்பகத்து அம்மா ஒருவர் அந்த வீட்டின் முதல் வரைபடத்தைத் தேடி எடுத்து அனுப்பினார். கோடிச் சுவரில் நான்கடி பால்கனி. சிவப்பு மையால் அடித்திருந்தது. ஓரத்தில் ஒரு குறிப்பு:

'அளவெடுக்கும்போது பால்கனி இடிந்து, முனையைப் பிடித்திருந்தவர் இறந்தார். அது தாங்காது என்று மறுமுனையில் நின்ற கூட்டாளிக்கு முன்பே தெரியும்.'