நெதர்லாந்துத் தோட்டமும் அன்னூர்க் கிளுவையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் நெதர்லாந்திலிருந்து கூப்பிட்டாள். அவளும் மாப்பிள்ளையும் அங்கேயே வீடு வாங்கிவிட்டார்களாம். "பின்னாடி சின்னதா ஒரு டயின் இருக்குதுங்கப்பா" என்றாள். டச்சு பாஷையில் தோட்டத்துக்கு அப்படிப் பெயராம்.

"ரொம்ப சந்தோஷம் கண்ணு" என்று சொல்லி, போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, நேராகப் புத்தக அலமாரிக்குப் போனேன். பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள். நான் அகராதி பார்ப்பேன்.

போனை வைத்ததும் மனைவி வந்து நின்றாள். "ஏனுங்க, புள்ள ஊடு வாங்கியிருக்கறா. அதுல என்னத்தத் தேடறீங்க?"

"அந்தச் சொல்லு எங்கிருந்து வந்ததுன்னு பாக்கறேன்."

"பாத்துப்போட்டு வாங்க. நான் பாயசம் வெக்கறேன்."

பார்த்தேன். ஆங்கிலத்தில் டவுன். ஜெர்மனில் ட்ஸவுன், அதாவது வேலி. டச்சில் டயின், தோட்டம். ஐஸ்லாந்தில் டூன் என்றால் வீட்டைச் சுற்றியுள்ள புல்வயல். எல்லாம் ஒரே வேர். ஆதியில் அடைத்துக் காத்த இடம் என்பதுதான் பொருள். ஜெர்மன்காரர் வேலியோடு நின்றுகொண்டார். டச்சுக்காரர் உள்ளே போய்ப் பூச்செடி வைத்தார். ஆங்கிலேயர் அதற்குள் ஒரு ஊரையே குடியேற்றிவிட்டார்.

நான் ஜெர்மன்காரர் கட்சி. எங்கள் பக்கம் நிலம் வாங்கினால் முதல் வேலை வேலிதான், மற்றதெல்லாம் அப்புறம். அன்னூர் பக்கம் ஒரு லேஅவுட்டில் மகள் பேரில் சைட் வாங்கியிருந்தேன். திரும்பி வந்தால் வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று. அவள் அங்கே வீடு வாங்குவதற்கு முன்பே, இந்தக் கோடை மழைக்கு அதைச் சுற்றிக் கிளுவைக் குச்சி நட்டேன். வெறும் குச்சியாக ஊன்றினாலே போதும், துளிர்த்து முள்வேலியாகிவிடும். பக்கத்து சைட்டுகளில் எல்லாரும் காம்பவுண்டு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலையாக இருந்த மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆட்டுப்பட்டியா போடறீங்க?"

"மகளுக்கு ஊடு கட்டறதுக்குங்க."

"அப்ப அம்மணி எப்படிங்க உள்ள வரும்? வழியே உடலீங்களே."

சுற்றிப் பார்த்தேன். நான்கு பக்கமும் நெருக்கி நட்டிருந்தேன். நான் உள்ளே நின்றிருந்தேன்.

வீடு வாங்கிய செய்தி வந்த அடுத்த ஞாயிறு அவள் கூப்பிட்டபோது டவுன், ட்ஸவுன், டூன் என்று கால் மணி நேரம் விளக்கினேன். உண்மையில் அந்த வாரம் முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்த கேள்வி வேறு. எப்போது திரும்பி வரப்போகிறாய் என்பதுதான் அது. அது வாய்க்கு வரும்போதெல்லாம் ஐஸ்லாந்தைப் பிடித்து நடுவில் நிறுத்தினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். அது அம்மா வழி வந்த குணம். கடைசியில், "அப்பா, சொல்ல வந்ததச் சொல்லுங்க" என்றாள்.

"சைட்ல கிளுவை துளுத்துருச்சு."

"நாங்க இங்கதாங்கப்பா இருக்கப்போறோம்."

"தெரியும் கண்ணு" என்றேன். அந்த நிமிஷம் வரை தெரியாது.

"இங்க பக்கத்து ஊட்டுக்கும் எங்களுக்கும் நடுவால பலகை வேலி சாஞ்சு கெடக்குது. அதையே நிமித்தி வெக்கலாங்கறாரு இவரு. எனக்குச் செடி வேலிதான் வேணும். நீங்க வந்து நட்டுக் குடுக்கறீங்களா?"

"அங்க மழை எப்ப?"

"எப்பவுந்தான்."

"அப்ப நான் வர்ற வரைக்கும் பொறுக்க வேண்டாம். சாண் சாண் எடைவெளில நட்டுப்போடு. தள்ளிப் போடாதே."

அதோடு என் கேள்வி கேட்காமலே முடிந்தது. பக்கத்தில் நின்ற மனைவி போனை வாங்கி, உப்பு இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில், "எப்பக் கண்ணு வாரே?" என்று கேட்டுவிட்டாள்.

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொங்கலுக்கு வாராளாமா" என்றாள் என்னிடம். "பத்து நாளு லீவாமா."

பத்தே நாள். அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடுவேனா என்ன.