லாரன்ஸ் ஏற்றிய கட்டை

"ஒங்க பேரச் சொல்லுங்க. எந்த ஊரு? காலையில என்னா சாப்ட்டீங்க?" என்று கேட்கிற லாரன்ஸ், கீபோர்டில் கையை வைக்காமல் காதை மட்டும் நம் பக்கம் சாய்க்கிறார். நாம் இட்லி தின்றால் அவருக்கென்ன, பட்டினி கிடந்தால் அவருக்கென்ன? பதில் சொல்லும்போது நம் குரல் எந்த இடத்தில் சிரமமில்லாமல் நிற்கிறது என்று பார்க்கிறார். பார்த்துவிட்டு, அதற்கும் கொஞ்சம் கீழே சுருதியை வைக்கிறார். சுருதியின் அளவைக் 'கட்டை' என்பார்கள். கட்டை ஏறினால் பாடுகிறவரின் குரலும் ஏறியாக வேண்டும். லாரன்ஸிடம் அது லேசில் ஏறாது.

பகலில் விருத்தாசலத்துச் செராமிக் கம்பெனி ஒன்றில் பொம்மை அச்சுகளுக்கு மண் கூழ் ஊற்றுவது அவர் வேலை. சாயங்காலம் முழங்கையில் காய்ந்த வெள்ளையோடு, மனைவியின் பழம்புடவையில் சுற்றிய கீபோர்டை டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்கு வந்துவிடுவார். கைப்பிடி ஒட்டாமல் கம்பெனியில் கழித்துப்போட்ட கப்பில்தான் வெந்நீர் குடிப்பார். பாடகர் குழுவுக்கு வந்த யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. என்னையே சேர்த்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பாடத் தொடங்கினால் வீட்டில் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்கள்.

"ஒங்களுக்கு எட்டுற எடத்துல பாட்டு இருக்கணும் சார். நீங்க எதுக்கு ஏணி தேடணும்?" என்றார். அன்றிலிருந்து நான் அவர் கட்சி.

கணீர்க் குரல்காரி நான்சிக்குத்தான் தாங்காது. "என்னாண்ணே, எப்பப் பாரு தாலாட்டுக் கட்டையே வைக்கிறீங்க!" என்பாள். கடைசி பெஞ்சுக்காரரும் பாட வேண்டாமா என்று சிரிப்பார். அவர் தனியாக ஒரு வரி பாடி யாரும் கேட்டதில்லை.

இந்த மனிதர் ஒரு காலத்தில் ஊரிலேயே தலைக்கனம் பிடித்த பையன் என்று யாராவது சொல்லியிருந்தால், இல்லவே இல்லை என்று நான் அடித்துப் பேசியிருப்பேன். சொன்னது அவரேதான்.

அவருக்கு ஆர்மோனியம் கற்றுக்கொடுத்தவர் ஞானதாஸ் வாத்தியார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கடலூர் வரைக்கும் தன்னை விட்டால் பாட ஆளில்லை என்று வாய்விட்டே சொல்கிறவர். திருவிழாப் பூசை முடிவில் மாதா பாட்டை அவர் ஒருவர்தான் பாடுவார். தொண்ணூறுகளில் ஒரு வருஷம், இந்தத் தடவை நான் பாடட்டுமா என்று லாரன்ஸ் கேட்டிருக்கிறார். "மீசையே ஒழுங்கா மொளைக்கல, ஒனக்கு மாதா பாட்டு கேக்குதா?" என்று எல்லோர் முன்னாலும் வாத்தியார் சிரித்துவிட்டார்.

பூசையில் ஆர்மோனியம் லாரன்ஸ் கையில். சொல்லாமல் கொள்ளாமல் சுருதியை ஒரு கட்டை ஏற்றிவிட்டார். வாத்தியாருக்கு முதல் சுரத்திலேயே தெரிந்திருக்கும். இறக்கு என்று கண்ணைக் காட்டியிருந்தால் போதும், காட்டுவாரா அவர்? உச்சிக்குப் போகும் கடைசி அடியில் குரல் உடைந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அடியை லாரன்ஸ் எடுத்து, பிசிறில்லாமல் பாடி முடித்தார்.

"ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன் சார். திரும்பிப் பாத்தா அவரு பாட்டுப் பொஸ்தகத்த மூடி பெஞ்சுல வச்சிட்டு நடந்து போறாரு."

அதற்குப் பிறகு ஞானதாஸ் பாடவே இல்லை. கடைசி பெஞ்சில் வாயை மூடி உட்கார்ந்திருப்பார். வருஷா வருஷம் கிறிஸ்துமசுக்கு லாரன்ஸ் கேக்கோடு அவர் வீட்டுக்குப் போவார். வாத்தியார் சம்சாரம் அன்னமேரி வாங்கி வைப்பார். வாத்தியார் சுவரைப் பார்ப்பார்.

இந்த 2006 திருவிழாவுக்கு முன்னால் ஞானதாஸே ஒத்திகைக்கு வந்து நின்றார். கையில் தடி, குரலில் பழைய மிடுக்கு குறையவில்லை.

"மாதா பாட்ட நான் பாடுறேன். அன்னிக்கு எந்தக் கட்டைய வச்சியோ, அதே கட்டை வைக்கணும். கொறைச்சின்னா பாதியில எறங்கிப் போயிடுவேன்."

வயது எழுபதுக்கு மேல். அந்த உச்சி அவருக்கு எட்டாது என்று எனக்கே தெரிந்தது. மறுநாள் அன்னமேரி அம்மாள் லாரன்ஸைத் தேடி வந்தார்.

"தம்பி, அதுல ஏதோ பட்டன அமுக்குனா கொறையுமாமே. கொஞ்சம் கொறைச்சிடுப்பா. இந்த வாட்டியும் ஒடைஞ்சிட்டா மனுசன் கோயிலுக்கே வரமாட்டாரு, வூட்டுலயே முடங்கிடுவாரு."

லாரன்ஸ் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார். "அவரக் கேக்காம ஒருவாட்டி மாத்திட்டேம்மா. இன்னொருவாட்டி மாட்டேன்" என்றார். எனக்குக் கோபமே வந்தது. பெரிய அரிச்சந்திரன் என்று மனசுக்குள் திட்டினேன்.

திருவிழாவன்று சொன்ன கட்டையே வைத்தார். வாத்தியார் தொடங்கினார். குரல் தழுதழுத்தாலும் அழகு போகவில்லை. அன்னமேரி அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். லாரன்ஸின் சட்டை முதுகு நனைந்திருந்தது.

கடைசி அடி வரும்போது லாரன்ஸ் வாசிப்பதை விட்டுவிட்டு எழுந்தார். ஜனங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் உயர்த்தி எல்லோரையும் பாடச் சொன்னார். தெரிந்த பாட்டு, மொத்தக் கோயிலும் அந்த உச்சிக்குத் தாவியது. நான்சி எட்டினாள். எனக்கு எட்டவில்லை. முன்வரிசையில் பாதிப் பேருக்குக் குரல் கிழிந்தது, பூசை வைத்த சாமியாருக்கும் கிழிந்தது. ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டே பாடினார்கள். அந்த இரைச்சலில் வாத்தியாருக்கு எட்டியதா, உடைந்ததா என்று பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு அவர் பாட்டுக்குப் பாடினார்.

அவர் பாடி முடித்துக் கண்ணைத் திறக்கும்வரை லாரன்ஸ் கையை இறக்கவில்லை.