சேனாதிபதிக்கு வேலை கிடைக்கவில்லை

இன்று ஆலங்காயம் பஸ்ஸில் கோவிந்தனைப் பார்த்தேன். இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

எண்பதுகளில் ஜமுனாமரத்தூரில் நாங்கள் நாலு நண்பர்கள் வேலை தேடிக்கொண்டிருந்தோம். மாலையில் கூடி ஒரு விளையாட்டு ஆடுவோம். கோவிந்தன் கதை சொல்வான். ஒருவன் ஒற்றன், ஒருவன் வைத்தியன், நான் சேனாதிபதி. நாங்கள் நினைத்தது நடக்குமா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும்; தாயம் விழுந்தால் நடக்கும்.

ஒருநாள் வேலூரில் இன்டர்வியூ முடித்து, அடிவாரத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, மலையேறி நடந்தே வந்தேன். மூவரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"இன்னாடா ஆச்சு?" என்றான் கோவிந்தன்.

"அனுபவம் இல்லன்னு அனுப்பிட்டாங்க."

யாரும் ஆறுதல் சொல்லவில்லை. கோவிந்தன் கதையைத் தொடங்கினான்.

"கோட்டை வாசல்ல காவல்காரன் கேக்கறான். சேனாதிபதி, உனக்கு இன்னா அனுபவம்?"

"எல்லாப் போர்லயும் தோத்துட்டேன். ஆனா ஒவ்வொரு தடவையும் உயிரோட வந்துட்டேன்."

நான் கட்டையை உருட்டப் போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வாணாம். கதவத் தொறந்துட்டான், உள்ள போ."

அன்று ஏன் உருட்ட விடவில்லை என்று இன்று கேட்டேன்.

"தாயம் வுழலன்னா நீ அழுதிருப்படா," என்றான்.

வேலை கிடைக்க அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆனது. இன்டர்வியூ எடுத்தவர்களில் ஒரு கோவிந்தனும் இல்லை. நீங்கள் யாராவது அப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறீர்களா?