வலி இல்லை, அடைக்குது

டாக்டராகத் திண்டுக்கல்லுக்குத் திரும்பிய புதிதில், எனக்குத் தமிழ் தேய்ந்துவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். வீட்டில் அம்மாவிடம் தமிழில்தான் பேசினேன். ஆனால் பதினொரு வயதில் விடுதிப் பள்ளிக்குப் போனவள் நான். பிறகு வடக்கே படிப்பு, அங்கேயே வேலை. தொண்ணூறுகள் முழுக்க உடம்பைப் பற்றிப் படித்தது, பேசியது எல்லாம் ஆங்கிலத்தில். நோய்க்கென்று தமிழில் என்னிடம் மிஞ்சியிருந்தது ‘வலி’ என்ற ஒரே சொல். அது போதும் என்றும் நினைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் சேர்ந்தேன். கூட ஒரு நர்ஸ், கன்னிவாடிக்காரி, என் வயதுதான். ஒருநாள் காலை, வெங்காய மண்டியில் மூட்டை தூக்குபவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வேலை செய்த வியர்வை என்று எடுத்துக்கொண்டேன்.

“நெஞ்சு வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்லம்மா. அடைக்குது, அம்புட்டுதான்.”

மூக்கு அடைக்கும், காது அடைக்கும். எனக்குத் தெரிந்த அடைப்பு அவ்வளவுதான். வாயு என்று முடிவுகட்டி, சீட்டில் ‘நோ பெயின்’ என்று குறித்து, வயிற்றுக்கு மாத்திரை எழுதினேன். அவர் எழுந்துவிட்டார்.

நர்ஸ் கதவை மறித்து நின்றாள். “டாக்டர், செத்த இருங்க. அவரு நெஞ்சு கரிக்குதுன்னு சொல்லல. அடைக்குதுங்கறாரு.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“கரிச்சா சோடா குடிக்கலாம். அடைச்சா ஆளே போயிரும், டாக்டர்!”

இ.சி.ஜி. எடுத்தோம். மாரடைப்புதான். முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார்.

அன்று மதியம் அந்தச் சீட்டை எடுத்து ‘நோ பெயின்’ என்பதைத் திரும்பப் படித்தேன். இதய நோயாளிகள் பலர் வலி என்று சொல்லமாட்டார்கள், ‘டைட்னஸ்’ என்பார்கள் என்ற பாடம் எனக்கு மனப்பாடம். அவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால் உடனே பிடித்திருப்பேன். என் தாய்மொழியில் சொன்னார், நான் தவறவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு சீட்டிலும் முதல் வரி, நோயாளி சொன்ன வாக்கியம், சொன்னபடியே, தமிழில். என் கையெழுத்து இரண்டாம் வகுப்புப் பிள்ளையுடையதைப் போல இருந்தது. ற எங்கே, ர எங்கே என்று நர்ஸிடம் கேட்டேன். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கிளினிக் முதலாளி கூப்பிட்டு, “இப்படி எழுதிக்கிட்டிருந்தா எப்பம்மா முடிக்கிறது?” என்றார். அரைமணி முன்னதாக வர ஆரம்பித்தேன், எழுதுவதை விடவில்லை.

ஒருவரிடம், “காது உளையுதா?” என்று கேட்டுவிட்டேன். அவர் வலியையும் மறந்து சிரித்தார். “காது குடையும்மா. காலுதான் உளையும்.” அதையும் எழுதிக்கொண்டேன்.

இப்போதும் எனக்கு முதலில் வருவது ஆங்கிலச் சொல்தான். அதை ஒதுக்கிவிட்டு, அடுத்தது வரும்வரை காத்திருக்கிறேன். சில நாள் வருகிறது.

கிளினிக்கில் சேர்ந்து ஓராண்டு கழித்து, கொடைரோட்டுப் பக்கம் பூப்பறிக்கும் பெண் ஒருவர் காலைக் காட்டினார்.

“உளையுதா, மரத்துப்போகுதா, ஊசி குத்துறாப்புல இருக்கா?” என்றேன்.

“அதெல்லாம் இல்லம்மா. உள்ளங்காலு காந்துது.”

அந்த எரிச்சலை அவர் சொன்னபடியே குறித்து, சர்க்கரை பார்க்க எழுதினேன். அவர் ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இன்னும் இருக்கு, சொல்றேன் கேளுங்க.”