சேறு தெறிக்காத கார்

பெட்ரோல் வாசனை சிலருக்குப் பிடிக்குமாம். எனக்கு இன்றைக்கும் குமட்டும். நனைந்த கம்பளியின் வாடையும் ரோட்டுச் சேறும் அதோடு சேர்ந்தே என் மூக்கில் ஏறும். மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சிறுமியாக இருந்தபோது, துரையின் கார் வரும் சத்தம் கேட்டால் நாங்கள் எல்லோரும் ரோட்டோர வடிகாலான "கானு"க்குள் இறங்கி நிற்க வேண்டும், ஆண்கள் தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும், கொட்டும் மழையானாலும் குடையை மடக்க வேண்டும். கார் எங்கள்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போகும். பின்சீட்டில் துரையின் நாய் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே போகும். "நாய்க்கு சீட்டு, நமக்குக் கானு" என்பாள் அம்மா.

நாடு வெள்ளைக்காரன் கையிலிருந்து மாறி ஓரிரண்டு வருடம் ஆகியிருந்தது. துரை அதே துரை, கார் அதே கார். தாத்தா காலத்தில் கடல் தாண்டிக் கூலிக்கு வந்த எங்களுக்குப் புதிதாகக் கிடைத்தது "நீ எந்த நாட்டுக்காரன்" என்ற கேள்வி மட்டும்தான்.

என் பெரியண்ணன், "ஸ்டோர்" என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில், பெட்டிகளுக்குப் பெயர் அடிப்பவன். தோட்டத்தின் பெயரைத் தகரத்தில் எழுத்தெழுத்தாக வெட்டி, பெட்டிமேல் வைத்துக் கறுப்பு மை தடவ வேண்டும். அந்தக் கையால்தான் அவன், பெட்டிக்குள் விரிக்கும் காகிதத்தின் கழிவுத் துண்டுகளில் கார்கள் வரைந்தான். எந்தக் கம்பெனியும் செய்யாத கார்கள். ஒன்றுக்கு முன்னும் பின்னும் முகம். ஒடுங்கிய தோட்டத்து ரோட்டில் அதைத் திருப்பவே வேண்டாம், டிரைவர் சீட்டைச் சுழற்றிக்கொண்டால் போதும். இன்னொன்றின் பின்பக்கம் முழுவதும் திறக்கும், பிள்ளைவலி கண்டவளைக் கம்பளியில் கட்டித் தூக்காமல் படுக்கவைத்துக் கொண்டுபோக. அவன் உயிரை வைத்திருந்தது கடைசிக் காரின்மேல். நான்கு சக்கரத்தையும் பாவாடைபோல மூடியிருப்பான். சேற்றையெல்லாம் அது தன் அடிவயிற்றிலேயே வாங்கிக்கொள்ளும், கானில் நிற்பவர்மேல் ஒரு சொட்டுத் தெறிக்காது.

அதைத் துரையிடமே கொண்டுபோய்க் காட்டினான், மடையன். ரோட்டில் நிற்காமல் மலையில் வேலை செய்தால் சேறு படாது என்று துரை சிரித்தாராம். அதைத் தமிழில் சொல்லிவிட்டுப் பெரிய கிளாக்கரும் சிரித்தாராம்.

"கார் எங்கருந்து வருது? லண்டன்லருந்து. நம்ம பெட்டி எங்க போவுது? லண்டனுக்கு. கார் செய்றவன் தேத்தண்ணி குடிக்காமலா இருப்பான்?" என்று அண்ணன் என்னிடம் கேட்டான். எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பெட்டி பெட்டியாகத் தேயிலை அனுப்பிய எங்களில் ஒருவருக்கும், அந்தப் பெட்டியைக் கடைசியில் யார் திறக்கிறார்கள் என்பது தெரியாது. அண்ணன் காரைத் தகரத்தில் வெட்டினான். தோட்டத்தின் பெயருக்குக் கீழே, பத்துப் பன்னிரண்டு பெட்டிகளில் அடித்து அனுப்பிவிட்டான்.

பெட்டிகள் கொழும்புக் கிடங்கையே தாண்டவில்லை. அங்கிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. மறுநாள் காலை, எல்லோரும் வேலைக்குக் கூடும் "பெரட்டு"க் களத்தில், தோட்டத்தின் பெயரைக் கெடுத்தான் என்று அவனுக்குப் "பத்துச்சீட்டு" கொடுத்தார்கள். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலை மட்டும் அல்ல, தோட்டத்தில் தங்கும் உரிமையும் போயிற்று. கணக்கப்பிள்ளை எங்கள் லயத்துக்கே, நாங்கள் எல்லோரும் ஒண்டியிருந்த ஒற்றையறைக் "காம்பரா"வுக்கே வந்து அப்பாவிடம் சொன்னார்: "பொழுதுக்குள்ள அவன் எறங்கிடணும். இல்லன்னா காம்பரா ஒங்களுக்கு இல்ல."

பக்கத்துக் காம்பரா ஆட்கள் வாசலில் கூடினார்கள். "ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே, நாளைக்கு ஒருத்தரும் மலைக்குப் போகல" என்றார்கள். அப்பா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. "ஒருத்தனுக்காக ஆறு பேரு ரோட்டுல நிக்க முடியாது" என்று சொல்லி, அண்ணனின் தகரப் பெட்டியைத் தன் கையாலேயே வெளியில் வைத்தார். அண்ணன் தன் படங்களை மட்டும் கேட்டான். அவற்றை அப்பா காலையிலேயே அடுப்பில் வைத்துவிட்டிருந்தார்.

அவன் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் இறங்கினான். அழுதுகொண்டே வளைவுவரை ஓடினேன். அப்போது துரையின் கார் வந்தது. வேலை போனவன், இனி எவனுக்கும் பயப்படத் தேவையில்லாதவன், பெட்டியோடு கானில் இறங்கி நின்றான். துரையை வெறுக்கிறேன், அப்பாவை மன்னிக்கவே இல்லை. ஆனால் அண்ணன்மேல் எனக்குள்ள கோபம் அவன் அங்கே இறங்கி நின்றதற்காக.

அவன் திரும்பி வரவில்லை. கொழும்பில் ஒரு கராஜில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், தலைமன்னாரில் அக்கரைக்குக் கப்பல் ஏறியதாக இன்னொருவர். போன மாதம் என் பேரன் போனில், கம்பெனிகள் வரைந்து வைத்துவிட்டுச் செய்யாமலே போன பழைய கார்களின் படங்களைக் காட்டி, "எவ்வளவு வடிவு பாருங்க அம்மாயி" என்றான். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவற்றை யாரும் அடுப்பில் வைக்கவில்லை.

துரையும் போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார். காம்பராவில் இப்போது என் தம்பி மகன் இருக்கிறான். ஒழுகும் கூரைத் தகரத்தைத் தன் செலவிலேயே மாற்றிக்கொள்கிறேன் என்று தோட்டத்து ஆபீசுக்கு மூன்று தடவை போய் நின்றான். காம்பரா உங்களுடையதல்ல, தோட்டத்துடையது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.