ஆணி கட்டிய நூல்

என் பெரியம்மாவுக்கு ஊரார் வைத்த பெயர் நூல்காரி. அவள் நூல் நூற்றதும் இல்லை, துணி நெய்ததும் இல்லை. அடுத்தவர்களுக்காகக் கடைக்குப் போய்வருவதுதான் அவள் தொழில். இதெல்லாம் ஒரு தொழிலா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், அந்தக் காலத்துப் பண்ணை வீடு ஒன்றில் ஒரு வாரம் இருந்து பார்த்திருக்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் சோளம்தான். இந்த வீட்டில் கத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. டவுனுக்குப் போய்வர ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மாட்டை யார் கறப்பது, கோழியை யார் அடைப்பது? அதனால் ஊசியிலிருந்து விளக்குச் சிம்னி வரை பெரியம்மா வாங்கி வந்தால்தான் உண்டு.

டவுனில் இருந்த பெரிய கடை துரைமார் நடத்தியது. அதன் முன்வாசல் துரைசானிகளுக்கு. அவர்கள் உள்ளே போய்த் துணியைத் தடவிப் பார்க்கலாம், தொப்பியைத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்க்கலாம். நம் ஆட்களுக்குப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல். அங்கே நின்று இன்னது வேண்டும் என்று சொன்னால், உள்ளேயிருந்து எடுத்து வந்து நீட்டுவார்கள். வாங்கும்வரை தொடக் கூடாது, வாங்கிய பிறகு மாற்றக் கூடாது. செருப்பு காலுக்குப் பற்றவில்லை என்றால் காலைத்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியம்மா பற்றி எரியவில்லை. நூலைக் கண்டுபிடித்தாள்.

ஒவ்வொரு வீட்டுக்காரரும் வேண்டியதை ஒரு நூலில் அளந்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கழுத்தளவு, காலளவு, ஜன்னல் உயரம், சிம்னியின் சுற்றளவு எல்லாம் நூலில் வந்துவிடும். எந்த வீட்டு நூல் என்று தெரிவதற்கு நுனியில் ஓர் அடையாளம் கட்டியிருக்கும். கோழிப்பண்ணை அம்மா ஒரு இறகைக் கட்டுவாள். மில்காரர் வீட்டு நூலில் ஒரு சோள மணி தொங்கும். எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு பெரியம்மா வண்டியேறுவாள்.

வண்டியை இழுத்தது ஒரு கோவேறு கழுதை. யார் சொல்லையும் கேட்காது, தனக்குத் தோன்றிய இடத்தில் நிற்கும், தோன்றியபோது கிளம்பும் என்பதால் அதற்குத் துரை என்று பெயர் வைத்திருந்தாள். ஒருமுறை நிஜமான துரை ஒருவர் குதிரையில் எதிரே வந்தபோது, "அட துரை, வழிய விடேன், சனியனே" என்று இவள் தன் கழுதையை அதட்ட, அவர் பாவம் ஒதுங்கி நின்றாராம்.

விடியலில் பாதையெங்கும் மூடுபனி கிடக்கும். வண்டி முன்னால் போகிறதா, சோளக்காடு பின்னால் போகிறதா என்று தெரியாது. கடிவாளத்தை மடியில் போட்டுவிட்டுப் பெரியம்மா அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தகரப் பெட்டி மெல்லக் குலுங்கும். அதற்குள் ஒரு குழந்தையின் கழுத்தும், ஒரு கிழவரின் பாதமும், யாருடைய வீட்டு ஜன்னலோ ஒன்றும் சுருண்டு படுத்திருக்கின்றன என்று அவளுக்குத் தோன்றும். சில சமயம் அந்தப் பனிக்குள் அவை எழுந்து வண்டிக்குப் பின்னால் நடந்து வருவதைப் போலவும் இருக்குமாம். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் போய்விடும் என்று ஒரு எண்ணம். அந்த வட்டாரத்தில் இருந்த எல்லோருடைய அளவும் அவள் பெட்டியில் ஒருநாள் இருந்திருக்கிறது. அவளை மட்டும் யாரும் அளந்ததில்லை.

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. யாருக்கு என்று கேட்கவே கூடாது. ஆரம்பத்தில் ஒருமுறை மோதிர அளவு கொடுத்த ஒருவரிடம் வெள்ளந்தியாகக் கேட்கப் போய், அந்த மோதிரம் வீட்டுக்காரியின் விரலுக்கு இல்லை என்று தெரிந்து, அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பே எரியவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயைத் தைத்துக்கொண்டாள்.

மூன்று பாதைகள் சேரும் இடத்தில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. அதன் கொல்லரை எல்லோரும் ஆணி என்று கூப்பிடுவார்கள். லாடம் அடிப்பதற்காக உதடுகளுக்கு நடுவே எப்போதும் நாலைந்து ஆணிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். பேச வேண்டிய அவசியத்திலிருந்து தப்பிக்கத்தான் அப்படிச் செய்தார் என்று நான் நினைக்கிறேன். கேள்விக்குப் பதில் "ம்". வேறு கேள்விக்கு வேறு மாதிரி "ம்".

பெரியம்மாவுக்கு அவர்மேல் ஆசை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களும் எடுத்து எடுத்து அலுத்துப் போயிருந்தார்கள். வண்டிச் சக்கரம் கெட்டால் பட்டறையில் நிறுத்தலாம். கெடாத வாரங்களில் அவளே கல்லை எடுத்து ஒரு ஆரக்காலைத் தட்டி ஆட்டம் காண வைப்பாள் என்று அவளுடைய தங்கையான என் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிச் சக்கரம் ஆடிய ஒரு மழை நாளில் பெரியம்மா கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்துபோய்ப் பட்டறைக்குள் நுழைந்தாள். உள்ளே பகலிலும் இருட்டு. உலைதான் வெளிச்சம். உலையை ஒட்டி, அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். சேலையிலிருந்து ஆவி எழும்பியது. கதகதப்பில் கண் சொருகியது. நின்றபடியே எங்கோ போய்விட்டாள். அவர் கையில் கரித்துண்டோடு எதிர்ச் சுவருக்கும் சக்கரத்துக்குமாக நடந்துகொண்டிருந்தது கனவில் போலத் தெரிந்ததாம். சக்கரத்தின் இரும்புப் பட்டைக்கு அளவு குறிக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவர் அவளிடம் ஒரு நூலைக் கொடுத்தார். நுனியில் ஒரு லாட ஆணி கட்டியிருந்தது.

"என்ன வாங்கணும்?" என்று கேட்டாள்.

"கோட்டு. கம்பளித் துணியில. பொம்பளைங்க போடுறது."

ஆணிகளுக்கு இடையில் இவ்வளவு வார்த்தைகள் வெளியே வந்ததே அதிசயம். ஆணியிலிருந்து முதல் முடிச்சுவரை தோள் அகலம், ஆணியிலிருந்தே இரண்டாவது முடிச்சுவரை கை நீளம், மூன்றாவது முடிச்சுவரை கோட்டின் முழு நீளம் என்று தொட்டுக் காட்டினார்.

"என்ன நெறம்?"

"உங்களுக்குப் பிடிச்சது."

யாருக்கு என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. சட்டம் போட்டவளே அதை மீறுவதா? நூலைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு வண்டியேறினாள். கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தி நூலை விரித்துப் பார்த்தாள். வாயைப் பிளந்தாள். எவளோ ஒருத்தி இருக்கிறாள், அதுவும் எப்பேர்ப்பட்டவள்! சேலைக்கு மேல் போட்டால் முழங்காலைத் தாண்டும் கோட்டுக்கே இந்த நீளம் என்றால், ஆள் பட்டறை வாசலில் குனிந்துதான் நுழைவாள். பெரியம்மாவோ வண்டியிலேறவே பலகை போட்டுக்கொள்ளும் உயரம்.

அந்த வாரம் முழுக்க அவள் கண் பெண்களின் தோள்களிலேயே இருந்தது. கோழிப்பண்ணை அம்மா அகலம், ஆனால் குட்டை. மில்காரர் தங்கச்சி உயரம்தான், பெரியம்மா பேச்சுக் கொடுத்தபடி அவள் பின்னால் போய் நூலை நீட்டிப் பார்த்தாள், அவளுக்கும் மிஞ்சியது. "என்னக்கா, முதுகுல பூச்சியா?" என்று அவள் கேட்டதற்கு, "ஆமா, போயிடுச்சு" என்று சமாளித்தாள்.

இந்த வட்டாரத்திலேயே அப்படி ஒருத்தி இல்லை. அப்படியானால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அதன்பின் காலைப் பனியில் பெரியம்மாவுக்குத் துணையாக வந்தது அவள்தான். சோளக் கதிர்களுக்கு மேலே தலையும் தோளும் தெரிய, ஓசையில்லாமல், அவசரமில்லாமல் வண்டிக்கு இணையாக நடந்து வருவாள். முகம் மட்டும் தெரியாது. பெரியம்மா துரையை விரட்டிப் பார்ப்பாள். துரை என்றைக்கு விரட்டினால் ஓடியது? அந்த உயரக்காரி இரண்டே எட்டில் பக்கத்தில் வந்துவிடுவாள்.

டவுன் கடை ஜன்னலில் நின்று கம்பளித் துணி கேட்டபோது, ஏதாவது ஒரு மங்கின சாம்பல் நிறத்தை வாங்கிப் போடலாம் என்றுதான் நினைத்தாள். வாய் தானாகவே, "அந்தக் கரும்பச்சை" என்றது. பல வருஷமாக அந்த ஜன்னல் வழியாக அவள் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்ட பச்சை அது. யாரோ ஒருத்திக்கு அதை வாங்க வேண்டியதாயிற்று. துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்சந்துத் தையல்காரர் கடை வரை அழுதபடி நடந்தாள்.

கடைக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்தவளுக்கு அழுகை போய் ஆத்திரம் வந்தது. அத்தனை வருஷத் தொழிலில் செய்யாததைச் செய்தாள். நூலை எடுத்தாள். இரண்டாவது முடிச்சை நகத்தால் கிளறி அவிழ்த்து, ஆணிப் பக்கமாக ஒரு சாண் தள்ளிக் கட்டினாள். கை குட்டையாகட்டும். மணிக்கட்டில் குளிர் ஏறட்டும் அந்தக் கொக்குக்கு.

தையல்காரர் நூலை மேசைமேல் விரித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"யாருக்கு தங்கச்சி இது? வாசக்கதவுக்கா?"

"நூல்படி தைங்கண்ணே."

"தோளு வண்டி அகலம் இருக்கு. கை மட்டும் உன் கை மாதிரி இருக்கே. எங்கயோ இடிக்குதே."

"சில பேர் அப்படித்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நடையில் கோட்டு தயாராக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் தூறல். தான் கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு, கோட்டு நனையாமல் இருக்க அதன்மேல் தார்ப்பாயைச் சுற்றி வைத்திருந்தாள். செய்த காரியம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே வந்தது. பட்டறையில் கொடுத்துவிட்டு, இனிமேல் சக்கரம் கழன்று ஓடினாலும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

அவர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டடைக் கல்லின்மேல் வைத்தார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கோட்டை விரித்தார். பச்சையைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. பிறகு அதை அவளிடமே நீட்டினார்.

"போட்டுப் பாருங்க."

"நான் எதுக்கு? உரியவங்க போட்டுப் பாக்கட்டும்."

"உரியவங்ககிட்டதான் குடுக்குறேன்."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கோணிப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கோட்டுக்குள் புகுந்தாள். புகுந்தாள் என்பதுதான் சரி. தோள் முழங்கையை நோக்கி வழிந்தது. கீழ்விளிம்பு தரையில் குவிந்தது. கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது. கொல்லர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார், எதிர்ச் சுவரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவளும் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்புச் சுவரில் கரிக்கோடுகள் இருந்தன. தோளுக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று.

"அன்னிக்கு மழையில வந்து நின்னீங்களே" என்றார். "கோணிய போட்டுக்கிட்டு நடுங்கினீங்க. நிழலு சுவத்துல விழுந்துச்சு. ஆளத் தொட்டு அளக்க முடியுமா? அதான் நிழல நூலு வச்சு அளந்துக்கிட்டேன்."

"உலைக்கு அவ்வளவு கிட்ட நின்னா நிழலு பெருசாத்தானே விழும்?"

"இப்பதான் உறைக்குது."

நாள் முழுக்க நெருப்போடு குடித்தனம் நடத்துகிறவர்! பெரியம்மா கோட்டை இழுத்துக்கொண்டு போய் உலையை ஒட்டி அதே இடத்தில் நின்றாள். சுவரில் நிழல் எழுந்தது. பனியில் கூடவே நடந்து வந்தவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

அவர் அருகில் வந்தார். கோட்டின் கையைப் பார்த்தார். அது மணிக்கட்டில் வந்து கச்சிதமாக நின்றிருந்தது.

"எல்லாம் தப்பு. கை மட்டும் எப்படி இவ்வளவு சரியா இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். தையல்காரர் தலையில் பழியைப் போட்டிருக்கலாம்.

"நான்தான் முடிச்ச நகத்தினேன்."

"எதுக்கு?"

"அவளுக்குக் குட்டையாகட்டும்னு."

"எவளுக்கு?"

பெரியம்மா சுவரைக் காட்டினாள். அதற்குமேல் தாங்கவில்லை, விம்மி அழுதுவிட்டாள். அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரித்தார். அவர் பல் வரிசை எப்படி இருக்கும் என்று அந்த வட்டாரத்தில் முதலில் பார்த்தது என் பெரியம்மாதான்.

கோட்டைப் பிரித்து அளவாகத் தைத்துத் தரச் சொல்லலாம் என்று பெரியப்பா எத்தனையோ தடவை சொல்லியும் அவள் சம்மதிக்கவில்லை. அவர்கள் வயதான பிறகும், மழை நாட்களில் அந்த வண்டி எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். பச்சைக் கோட்டுக்கு மேலே இரண்டு தலைகள் தெரியும். கோட்டு அவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.