ஜெயில் வாசலில் ஒரு வயிறு காணல்

நெய்யாற்றின்கரைப் பக்கம் போக வழி கேட்டு எழுதுகிறீர்கள். கோயில், ஆறு எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஆனி மாத வெள்ளிக்கிழமை, நான் போனது அந்தப் பக்கத்து ஜெயில் ஒன்றுக்கு.

அப்போது நான் வெள்ளறடையில் நர்ஸ். எங்கள் தெரு ராஜம் சாராயக் கேஸில் உள்ளே இருந்தாள். காய்ச்சியது புருஷன். போலீஸ் வந்ததும் அவன் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு ஓடிவிட்டான். ஓட முடியாத பிள்ளைத்தாய்ச்சியைப் பிடித்துப் போனார்கள். பெற்றவர்களும் தலைமுழுகிவிட்டார்கள். ஒன்பதாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது, ஓயாத தலைவலி, டாக்டர் யாரும் பார்க்கவில்லை என்று ஜாமீனில் வந்த ஒருத்தி சொன்னாள். அந்த நிலையில் வலிப்பு வந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது கஷ்டம்.

உறவுக்காரர்களை மட்டும்தான் விடுவார்களாம். எங்கள் ஊரில் ஏழாம் மாதம் உறவுப் பெண்கள் பலகாரத்தோடு வயிறு காணப் போவார்கள். ராஜத்துக்கு யாரும் போகவில்லை. சரி, நாமே உறவு என்று நானும் பக்கத்து வீட்டு சரோஜம் அக்காவும் இரண்டு கூடை முந்திரிக்கொத்து செய்தோம். ஒரு கூடையின் அடியில் என் பிரஷர் மெஷின்.

காலை ஆறரை பஸ். ஆரியங்கோடு, பெருங்கடவிளை வழியாக இருபது கிலோமீட்டர் சொச்சம், மழையில் ஒன்றேகால் மணி நேரம். ஜன்னலோரம் உட்காராதீர்கள், நனைந்துவிடுவீர்கள்.

வாசலில் வார்டர் அம்மாள் மறித்தார். "நீங்க அவளுக்கு என்ன சொந்தம்?"

"வயிறு காண வந்திருக்கோமாக்கும்," என்றார் சரோஜம் அக்கா. "சொந்தம் இல்லாதவியளா பலகாரம் கொண்டு வருவாவ?"

அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பலகாரக் கூடையைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. உள்ளே விட்டார். மெஷினை எடுத்துப் பார்த்தேன், பிரஷர் நூற்றெழுபது. ராஜம் என் கையை விடவே இல்லை.

"இவள இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும்," என்றேன்.

"காவலுக்குப் போலீஸ் வரணும். திங்களாழ்ச்ச பாப்பம்," என்றார் வார்டர்.

"அப்பம் திங்களாழ்ச்ச வரைக்கும் நாங்க இஞ்சதான் இருப்போம்," என்று அக்கா வெளியே வந்து வாசலிலேயே உட்கார்ந்தார். வயிறு காணல் பலகாரத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதும் வழக்கம்தானே. போகிற வருகிற எல்லோருக்கும் கொடுத்தோம். "உள்ள ஒரு பிள்ளைத்தாய்ச்சி கெடக்கா. ஆஸ்பத்திரிக்கு விட மாட்டேங்காவ. எடுத்துக்கிடுங்க."

ஆட்டோக்காரர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், மீன்காரிகள் என்று கூட்டம் கூடியது. தின்றவர்கள் நகரவில்லை, ஏன் விடவில்லை என்று மலையாளத்திலும் தமிழிலும் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் ஜீப்பும் வந்தது, போலீஸும் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ராஜத்துக்குப் பெண் பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். திங்கள் வரை வைத்திருந்தால் தன்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர்.

கெஞ்சியிருந்தால் எங்களைத் துரத்தியிருப்பார்கள். உரிமையோடு போனோம், இன்றும் அப்படித்தான் போவேன். உங்களுக்கும் அப்படி ஒரு பயணம் வாய்த்தால் குடை மறக்காதீர்கள். பலகாரம் தாராளமாகச் செய்யுங்கள். கதவு திறக்கும்வரை அது தீரக் கூடாது.